பட்டறை பதில்கள்: சாவியைத் திருப்பினால் சரியாகிற டர்போ

கேள்வி: ஐயா, என் டீசல் வண்டி 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக மேடு ஏறும்போது 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் இழுவை சுத்தமாகப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் வண்டி வாங்கி வாங்கி ஓடுகிறது. ஆக்சிலரேட்டரை ஒரே இடத்தில் வைத்திருந்தாலும் வேகம் தானாக ஏறி இறங்குகிறது. ஓரம் கட்டி, ஆஃப் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நன்றாகப் போகிறது. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தால் நன்றாகப் போகிறது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் எனக்கு வேண்டிய வரியே அதுதான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; செத்துப்போன டர்போ சாவியைத் திருப்பினால் பிழைத்துக்கொள்ளாது. மனசு மாறுவது இசியூ, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர். காற்றழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை, அல்லது அளவை மீறுகிறது என்று தெரிந்ததும் அது இன்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். லிம்ப் மோடு என்பது இதுதான். அடுத்த ஸ்டார்ட்டில் 'சரி, இன்னொரு தடவை பார்ப்போம்' என்று விட்டுக்கொடுக்கும். ஆகவே அதற்குள் கோடு, அதாவது பிழை எண், பதிவாகியிருக்க வேண்டும். ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். அழிப்பதற்கு முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு, பி0234 என்றால் அதிகம். பி0087 வந்தால் காற்றை விட்டுவிட்டு டீசல் பக்கம் போக வேண்டும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் கொடுக்கும் குழாய்க்கு ரயில் என்று பெயர்; அதில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

ஸ்கேனர் மாட்டியிருக்கும்போதே ஒரு காரியம். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது அங்கே இருப்பது வெளிக்காற்றுதான். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், மலைமேல் குறையும். 100 இருக்க வேண்டிய இடத்தில் 130 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. பல நேரம் அதன் மூக்கில் கரி அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது புகை. இழுவை போகும் நேரத்தில் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் சோர்ந்தால் பெரும்பாலும் டீசல் போதவில்லை. ஆனால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டியில் இதை நம்ப முடியாது, புகையை அது விழுங்கிவிடும்.

காற்று என்றால், டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து இன்ஜின் வரை போகிற ஹோஸ்களைக் கழற்றி கையால் மடக்கிப் பாருங்கள். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். விரிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், எண்ணெய் ஊறி ரப்பர் தளர்ந்த இடத்தில் இருக்கும். சும்மா இருக்கும்போது உதடு மூடினாற்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். மேடு ஏறும்போது மட்டும் வண்டி படுத்துவது இதனாலும் இருக்கலாம். ஹோஸின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காக இருந்தால் அங்கேயே தேடுங்கள்.

அப்புறம் டர்போவை ஆட்டுவிக்கும் ஆக்சுவேட்டர், அதாவது டர்போவுக்குள் இருக்கும் இதழ்களைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. உங்களுடையது வேக்யூமில் (காற்றை உறிஞ்சும் இழுப்பில்) வேலை செய்வது என்றால், பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்ததும் அதன் கம்பி சர்ரென்று இழுபடும், ஆஃப் செய்தால் திரும்பி வரும். நடுவில் தட்டித் தடங்கி நகர்ந்தால் உள்ளே இதழ்களில் கரி பிடித்திருக்கிறது. அழுத்தம் மளமளவென ஏறும், இசியூ வெட்டும், விழும், மறுபடி ஏறும். நீங்கள் சொல்லும் அந்த ஏற்ற இறக்கம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. எப்போதும் மெதுவாகவே ஓடுகிற வண்டிகளுக்கு வருகிற வியாதி இது.

அந்த ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்யூம் ஹோஸைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். தொழிலுக்கு வந்த புதிதில் இதே புகாரோடு வந்த ஒரு வேனுக்கு நானே டர்போ மாற்றினேன். நாலாம் நாள் வண்டி அப்படியே திரும்பி வந்தது. பேட்டரித் தட்டுக்கு அடியில், பென்சிலை விட மெல்லிய ஹோஸ் ஒன்று உராய்ந்து, கடுகளவு ஓட்டை. அதை வெட்டி மாட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கழற்றிய பழைய டர்போவின் ஷாஃப்டில் (நடு அச்சில்) ஒரு குறையும் இல்லை. இன்றும் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

டர்போ உண்மையில் போயிருந்தால் நீலப்புகை வரும், இன்ஜின் ஆயில் குறையும், சைரன் போல ஊளையிடும். இன்ஜின் ஆறியபின் ஏர் பைப்பைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பயப்படாதீர்கள், ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை கூட்டில் உரசிய தடம் தெரிந்தாலோ, அன்றைக்கு டர்போவை மாற்றுங்கள். நானும் தடுக்க மாட்டேன்.

கேள்வி: டீசல் ஃபில்டர் மாற்றிய மறுநாளிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. இன்ஜெக்டர் போய்விட்டதா?

பதில்: முந்தாநாள் வரை நன்றாக இருந்த இன்ஜெக்டர், ஃபில்டரைத் தொட்டதும் கெட்டுப்போகுமா? காற்று இழுக்கிறது. பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் 'ஒழுகவில்லையே' என்று எல்லோரும் ஏமாறுகிறோம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு அடி பிளாஸ்டிக் குழாய் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் ஃபில்டரின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) பாருங்கள்: முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது பழையதே உட்கார்ந்திருக்கும்.

குமிழி இல்லையென்றால் ஸ்கேனரில் ரயில் பிரஷரைப் பாருங்கள். ஐடிலில் பல வண்டிகளில் 250 முதல் 350 பார் வரை இருக்கும். இசியூ கேட்கிற அளவு நேர்கோடாக நிற்க, வருகிற அளவு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கினால் பம்பில் இருக்கும் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகப்படலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பழைய டீசல் வண்டியில் செய்ததைப்போல, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தாதீர்கள். இந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தினாற்போலத்தான் தெரியும். வலிக்கவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.