கையெழுத்து மட்டும் மேற்பார்வை ஆகுமா? – காணி, வீடு வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள், வீடு, காணி விலைமதிப்புப் பயிலுனராவதற்குரிய 75 மணித்தியாலப் பாடநெறியை முடித்துவிட்டு, ஏழு மாதங்களாக மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடி அலைகிறாள். அங்கே அனுமதிப்பத்திரம் பெற்ற விலைமதிப்பாளராக உள்ள எங்கள் உறவினர் ஒருவர், "வேலையை நீயே செய்து முடி, கையெழுத்தை நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார். இதை ஏற்றுக்கொள்ளலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வேண்டாம், அம்மா. உறவினரின் மனம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் வழி உங்கள் மகளுக்கும் உதவாது, அவருக்கும் ஆபத்து.

முதலாவது தடை அவருடைய தகுதி. அமெரிக்காவில் 'அனுமதிப்பத்திரம் பெற்றவர்' என்பதும் 'சான்று பெற்றவர்' என்பதும் வெவ்வேறு படிகள். அப்ரைசல் பவுண்டேசன் என்ற அமைப்பின் கீழ் இயங்கும் தகுதிச் சபை வகுத்த குறைந்தபட்ச விதிகளின்படி, சான்று பெற்றவர் மட்டுமே பயிலுனரை மேற்பார்வை செய்யலாம். அவரும் சான்று பெற்று மூன்று ஆண்டுகளேனும் கடந்தவராகவும், தொழில் செய்யும் உரிமையைப் பாதித்த ஒழுக்காற்று நடவடிக்கை எதற்கும் கடந்த மூன்று ஆண்டுகளில் உட்படாதவராகவும் இருக்க வேண்டும். இவற்றோடு, மேற்பார்வையாளருக்கும் பயிலுனருக்கும் உரிய கடமைகளை விளக்கும் தனிப் பாடநெறியொன்றை இருவருமே முன்கூட்டி முடித்திருக்க வேண்டும். மாநிலங்கள் இதைவிடக் கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், மகள் தன் மாநிலச் சபையின் விதியையும் வாசித்துப் பார்க்கட்டும்.

உறவினர் சான்று பெற்றவராகவே இருந்தாலும், நான் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். பயிலுனருக்கு அந்த வகைச் சொத்தைத் தனியே பார்வையிடும் திறமை வந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் தீர்மானிக்கும்வரை, மதிப்பிடும் ஒவ்வொரு சொத்தையும் அவர் பயிலுனரோடு நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கூடப் போகாமல் போடும் கையெழுத்து, நடக்காத மேற்பார்வையை நடந்ததாகக் காட்டும் பொய்ச்சான்று.

நான் பயிலுனராக இருந்தபோது, நிலாவெளிப் பக்கம் ஒரு வளவை அளக்கப் போனோம். என் ஆசிரியர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நாடா தொய்ஞ்சு கிடக்குது, இழுத்துப் பிடியும்" என்றார். தொய்ந்த நாடா நீளத்தைக் கூட்டிக் காட்டும்; அந்தக் கூடுதல், காணியின் பரப்பைச் சொல்லும் பேர்ச் கணக்கில் ஏறும், பேர்ச் கணக்கு விலையில் ஏறும். அளந்து முடித்ததும் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு என்னைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். உவர்த் தண்ணீர். கடலோரக் காணியில் கிணறு உண்டு என்று எழுதினால் மட்டும் போதாது, அதைக் குடிக்க முடியுமா என்பதையும் எழுத வேண்டும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. காரியாலயத்தில் இருந்துகொண்டே என் அறிக்கையில் அவர் கையெழுத்திட்டிருந்தால், அந்த இரண்டு பிழைகளையும் அவரும் கண்டிருக்கமாட்டார், நானும் கற்றிருக்கமாட்டேன். அமெரிக்க விதியின் நோக்கமும் இதுவே என்று நினைக்கிறேன்.

ஏழு மாதத் தேடலின் வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பயிலுனருக்குச் செலவிடும் நேரத்தில் அனுபவசாலி ஒருவர் இரண்டு அறிக்கைகளை முடித்துவிடுவார். பிழை வந்தால் முழுப் பொறுப்பும் அவர் தலையில் விழும். பழகியபின் அதே பயிலுனர் போட்டியாளராகவும் வரலாம். ஆள் கிடைக்காததற்கு இவைதாம் காரணங்கள். இதற்கு மாற்றாக, கணினியில் அமைத்த பயிற்சிச் சொத்துகளை வழிகாட்டியொருவரின் கண்காணிப்பில் மதிப்பிட்டு அனுபவத்தைப் பெறும் 'பாரியா' என்ற வழியைத் தகுதிச் சபை 2021 முதல் அனுமதித்துள்ளது. மகளின் மாநிலம் அதை ஏற்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் விலைமதிப்புப் பயிலுனராக இருக்கும் என் தம்பியோடு மேற்பார்வையாளர் முதல் சில வீடுகளுக்கு மட்டுமே கூட வந்தார். இப்போது அவன் தனியேதான் போகிறான். அறிக்கையில் அவன் பெயரும் வருவதில்லை. இது முறையா?
– வாசகர், பாலையூற்று

பதில்: தனியே போவது முறைகேடு அல்ல, தம்பியின் திறமையில் அவருக்கு நம்பிக்கை வந்திருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கை சொத்தின் வகையோடு மட்டுப்பட்டது. தனி வீட்டில் தேறியவனை, கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள கட்டிடத்துக்குத் தனியே அனுப்புவது சரியாகாது. மேற்பார்வையாளருடைய சான்று எந்த வகைச் சொத்துகளை அனுமதிக்கிறதோ, அவற்றைத் தாண்டித் தம்பியும் போக முடியாது.

பெயர் வராததுதான் என்னை உறுத்துகிறது. யூஸ்பாப் எனப்படும் தொழில் நியமங்களின்படி, அறிக்கைக்குக் குறிப்பிடத்தக்க உதவி செய்தவர் கையெழுத்திடாவிட்டால், அவருடைய பெயர், அறிக்கையோடு கையெழுத்திட்டு இணைக்கும் சான்றுரையில் குறிப்பிடப்பட வேண்டும். பெயர் இல்லாத அறிக்கைக்குச் செலவிட்ட மணித்தியாலங்களைத் தம்பி நாளைக்கு எதைக் காட்டி நிரூபிப்பான்? அவன் தயாரித்த அறிக்கைகளின் பிரதிகளைக் கேட்டுப் பெறும் உரிமை அவனுக்கு உண்டு. மரியாதையாகவே, ஆனால் எழுத்தில் கேட்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் எத்தனை பயிலுனர்கள் இருக்கலாம்? எத்தனை மணித்தியாலம் பயில வேண்டும்?
– மாணவி, கிண்ணியா

பதில்: பொதுவாக ஒரே நேரத்தில் மூவர் வரை, மாநிலமே தனிக் கண்காணிப்புத் திட்டம் வைத்திருந்தால் கூடலாம். அனுமதிப்பத்திரம் பெற்ற வீட்டு விலைமதிப்பாளருக்கு 1000 மணித்தியாலம், ஆறு மாதங்களுக்குக் குறையாமல். சான்று பெற்ற வீட்டு விலைமதிப்பாளருக்கு 1500, பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல். எல்லா வகைச் சொத்துக்குமான பொதுச் சான்றுக்கு 3000, பதினெட்டு மாதங்களுக்குக் குறையாமல், அதில் 1500 வீடல்லாத சொத்துகளில் இருக்க வேண்டும்.

ஒரு பயிலுனர் ஒன்றுக்கு மேற்பட்ட மேற்பார்வையாளர்களிடம் வேலை செய்யலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவேடு வேண்டும். சொத்தின் வகை, முகவரி, அறிக்கைத் திகதி, தான் செய்த வேலை, மேற்பார்வையாளர் சரிபார்த்த அளவு, உண்மையில் செலவான மணித்தியாலம், அவருடைய கையெழுத்தும் சான்று இலக்கமும் அதில் இடம்பெற வேண்டும். ஒருவரிடமிருந்து விலகும்போது, மனக்கசப்போடு விலகினாலும், கடைசிப் பக்கம் வரை கையெழுத்து வாங்கிக்கொண்டே படியிறங்குங்கள்.