பழைய கதிரைகளும் புதிய நகல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெள்ளவத்தை வாசகி: அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை முதிரை மரத்தாலானது. இப்போது கறுத்துப் போயிருக்கிறது. சாண்ட் பேப்பரால் தேய்த்து, கடையில் சொன்ன பொலியுரித்தேன் வார்னிஷ் பூசலாமா?

வேண்டாம், அம்மா. இரண்டையுமே செய்ய வேண்டாம். நீங்கள் காணும் கறுப்பு பெரும்பாலும் மரத்தின் நிறமாக இராது. பல காலம் பூசிய மெழுகும், அடுக்களைப் புகையும், கை வியர்வையும் சேர்ந்து படிந்த அழுக்காகவே அது இருக்கும். முதலில் கதிரையைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் மெதிலேற்றட் ஸ்பிரிட் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அந்த இடம் பிசுபிசுத்தால் பழைய பூச்சு அரக்குப் பொலிஷ் என்று கொள்ளலாம். அப்படியானால் டேர்பன்டைனில் சற்றே நனைத்த மென்துணியால் அழுக்கை மட்டும் துடைத்தெடுத்து, நலிந்த இடங்களில் மெல்லிய அரக்குப் பொலிஷை மீண்டும் ஏற்றினால் போதும். புதிய பூச்சு பழையதை இளக்கி அதனுடன் ஒன்றிவிடும் என்பதே அரக்கின் பெருஞ்சிறப்பு.

பொலியுரித்தேன் அவ்வாறு ஒன்றுவதில்லை. அது மரத்தின் மேல் தனிப்படலமாக நிற்கும். கொழும்பின் ஈரக்காற்றில் மரம் விரிந்தும் சுருங்கியும் கொண்டிருக்க, மூட்டுகளில் அந்தப் படலம் வெடிக்கும். வெடிப்பினூடே ஈரம் நுழைந்து வெண்திட்டுகளாகும். ஓரிடத்தில் மட்டும் அதைச் சரிசெய்வதும் எளிதன்று, முழுவதையும் சுரண்ட நேரிடும். அப்போது முதிரையின் பொன்னிற அலைவரிகளோடு, கைகள் பட்டுப் பட்டு மழமழத்த கைப்பிடியும் போய்விடும்.

பம்பலப்பிட்டி வாசகர்: கதிரையின் பிரம்புப் பின்னல் தொய்ந்துவிட்டது. புதிதாகப் பின்ன வேண்டுமா?

இழை அறுந்திராவிட்டால் வேண்டியதில்லை. பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு உலரவிடுங்கள். பிரம்பின் மேற்றோல் நீரை ஏற்காது என்பதால் அடியிலிருந்தே நனைக்க வேண்டும். உலரும்போது அது இறுகும். அறுந்திருந்தால் சட்டத்தைப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கைப்பின்னல், பின்னத் தெரிந்தவரிடமே கொடுங்கள். துளைகளுக்குப் பதிலாகச் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடினால், மார்சல் புரோயர் 1928இல் வடிவமைத்த செஸ்கா கதிரைகள் பலவற்றில் உள்ளதைப் போல, ஆயத்தப் பின்னல் தகட்டை அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அதை மாற்றுவது இலகு.

தெஹிவளை வாசகர்: ஒல்லாந்தர் காலத்து மேசை என்று ஒன்றை விற்கிறார்கள். நம்பலாமா?

விற்பவரின் பேச்சைக் கேட்பதற்கு முன் மேசையின் அடியைப் பாருங்கள். நட்சத்திரத் தலைத் திருகாணி (தலையில் சிலுவை வெட்டுள்ள ‘பிலிப்ஸ்’) 1930களில்தான் சந்தைக்கு வந்தது. கூர்முனைத் திருகாணியே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பரவியது. இவை பிற்காலத் திருத்தத்தின்போதும் வந்திருக்கலாம். ஆனால் எல்லா மூட்டுகளிலும் இவையே இருந்து, மர ஆணி ஒன்றுகூட இல்லையென்றால் விலகிவிடுங்கள். புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று அசலைப் பார்த்துப் பழகுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருதானை வாசகர்: அலுமாரிக்குக் கீழே மாவு கொட்டுகிறது. கறையானா?

சிறு துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் அது வண்டு. பூச்சி ஒழிப்பவரை அழையுங்கள், அது என் துறையன்று.

கொள்ளுப்பிட்டி வாசகி: டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரின் கவைமுதுகுக் கதிரையை (முதுகில் Y வடிவச் சட்டமுள்ள ‘விஷ்போன்’ கதிரை) மொறட்டுவையில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். வாங்குவது சரியா?

இக்கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குள், கல்கிசை வாசகர் ஒருவர் “இது அப்பட்டமான திருட்டு” என்று எழுதிவிட்டார். மொறட்டுவையில் தச்சு வேலை செய்யும் அன்பர் ஒருவரோ, “ஒல்லாந்தர் கதிரையைப் பார்த்துச் செய்தபோது எங்கள் முன்னோர் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?” என்று மறுத்திருக்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு.

வெக்னர் 1949இல் அக்கதிரையை வரைந்தார். மிங் காலச் சீனக் கதிரைகளில் டென்மார்க் வணிகர்கள் அமர்ந்திருக்கும் ஓவியங்களைக் கண்டதே அவ்வரிசைக் கதிரைகளுக்குத் தூண்டுதலாயிற்று. ஆக, அவரும் பார்த்துக் கற்றவரே. ஆனால் அவர் கோட்டுருவத்தைப் பெயர்த்து வைக்கவில்லை. மரத்தை வேறுவிதமாகச் சிந்தித்தார். முதுகையும் கையையும் ஒன்றாக்கும் அந்த வளைவை அசலில் ஆவியில் வளைக்கிறார்கள். மரவரி வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது. மலிவான நகலில் பலகையிலிருந்து வளைவாக அறுத்து ஒட்டுகிறார்கள்; வரி குறுக்கே வெட்டுப்படுவதால் சாய்ந்து அமரும்போது அந்த இடமே முறியும். இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீற்றர் காகிதக் கயிற்றைக் கையால் பின்னும் வேலையையும் நகல்களில் பெரும்பாலும் சுருக்கிவிடுகிறார்கள்.

கல்கிசை அன்பர் சட்டத்தையும் கேட்டார். பிரித்தானியாவில் பெருமளவில் தயாரிக்கப்படும் கலைப்படைப்புகளுக்கு 25 ஆண்டுகளே இருந்த பதிப்புரிமைக் காப்பு, 2016இல் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் என்றாயிற்று. அந்நாட்டு நகல் வணிகம் அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது. என் நிலைப்பாடு இதுதான்: வெக்னரின் பெயரை ஒட்டி விற்பது ஏமாற்று, அதை வாங்காதீர்கள். மொறட்டுவைத் தச்சர் தம் பெயரிலேயே, பலா அல்லது தேக்கு மரத்தில், நம் பிரம்புப் பின்னலோடு, உறுதியான மூட்டுகளுடன் ஒரு கதிரை செய்து தருவாரானால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். வளைவை எப்படிச் செய்தார் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொரளை, இராஜகிரிய, மீண்டும் வெள்ளவத்தை: பழைய மேசைக்கு எந்த வார்னிஷ் நல்லது?

மூவருக்கும் முதற்பதிலே பதில். பொலியுரித்தேன் வேண்டாம். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கிருலப்பனை வாசகி: சாய்மனைக் கதிரைக்கு எந்த நிற மெத்தை பொருந்தும்?

பிரம்புப் பின்னல் காற்றோட்டத்துக்காகவே அமைந்தது என்பதால் மெத்தை போடாமலே உட்காருங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், நிறத்தைக் கைத்தறிக் கடையில் கேளுங்கள். கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறையாக மட்டும் எடுங்கள்.