ஆலோசனை எண்ணைக் கூப்பிட்டால் எச்ஆருக்குத் தெரியுமா?

நண்பரே, அப்பா இறந்ததிலிருந்து தூக்கமில்லை, இரவு ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், கம்பெனி தந்த மனநல ஆலோசனை எண்ணில் பேசினால் எச்ஆர் காதுக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான்.

பெரும்பாலும் அந்த எண்ணை நடத்துவது வெளி நிறுவனம். பொதுவாக, எத்தனை பேர் பேசினார்கள் என்ற மொத்தக் கணக்குதான் கம்பெனிக்குப் போகும், பெயர் போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலோ, சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்றாலோ ரகசியம் தளரும். மேலாளரே அனுப்பிவைத்தால் கதை வேறு. நீங்கள் போனீர்களா இல்லையா என்ற தகவல் அவருக்குப் போகலாம். அதனால் நீங்களாகவே கூப்பிடுங்கள். பெயர் சொல்வதற்கு முன்பே, எது கம்பெனிக்குப் போகும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

மனசு ஒப்பவில்லையா? சரி, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் இருக்கிறது: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், இதை அழுத்திச் சொல்கிறேன்: கண் சொருகும் இரவில் வண்டியில் ஏறாதீர்கள். ரேக் பக்கம் நடந்து வருபவரின் உயிரும் உங்கள் கையில் இருக்கிறது. தூக்கமில்லை, இன்று வேறு வேலை கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

முதல் அழைப்பை வீட்டிலிருந்து, சொந்த போனில் செய்யுங்கள்.