எலினோரை நம்பலாமா?

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொல்லித்தான் அமெரிக்கக் குடியேறிப் பெண் எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட்டின் கடிதங்களைப் படித்தேன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தனியாக அரசு நிலம் எடுத்த பெண் என்று நம்பினேன். பார்த்தால், 1909இல் நிலத்துக்கு மனுப் போட்ட ஒரே வாரத்தில் கல்யாணம்! 1912இல் நிலத்தை மாமியாருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஏமாந்துவிட்டேன். இவரை எப்படி நம்புவது? இதைத் தமிழில் கொண்டுவரலாமா?
– க.

அன்புள்ள க.,

ஏமாந்தீர்களா? உங்களுக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள்?

சட்டத்தின் கதை சின்னது. குடியேறுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் கேட்டவர் அங்கேயே குடியிருக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு நிலத்தில் குடியிருப்பதாகச் சொன்னால் சிக்கல்தான்; நிலம் மாமியாருக்குப் போனதும் அதனால்தான் போலும். சரி, அதை விடுங்கள்.

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவது வேறு. இவை யாருக்கு எழுதிய கடிதங்கள்? திருமதி கோனிக்கு. டென்வரில் எலினோர் துணி துவைத்து, வீட்டுவேலை பார்த்த வீட்டின் எஜமானியம்மா. சின்ன மகளோடு கிளம்பிப் போனவள் அந்த அம்மாவுக்கு எப்படி எழுதுவாள்? 'குளிர் தாங்கவில்லை, வந்திருக்கக் கூடாது' என்றா? தினம் ஏழு மாடு கறக்கிறேன், முப்பது பைன்ட் ஜெல்லி போட்டு வைத்திருக்கிறேன் என்றுதான் எழுதுவாள். கல்யாணத்தை ஏறக்குறைய ஒரு வருஷம் மறைத்ததும் அதே அம்மாவிடம்தான். சொல்ல வெட்கமாக இருந்தது, இனி உங்கள் நட்பு எனக்கு வேண்டியதில்லை என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன் என்று எலினோரே எழுதுகிறார். புல் அறுக்க ஆள் கிடைக்காமல் கணவர் ஸ்டூவர்ட் தவித்தபோதும் இதே கதை. புல்லறுக்கும் இயந்திரம் தனக்கு ஓட்டத் தெரியும் என்று எலினோர் முதலில் வாயே திறக்கவில்லை. சொன்னால் கூடாது என்று தடுத்துவிடுவாரோ என்ற பயம். கணவர் ஆள் தேடப் போன நேரத்தில் இவர் வயலில் இறங்கிவிட்டார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியே பிழைத்தவர் எலினோர். நீங்களோ பட்டா சரிபார்க்க வந்த தாசில்தார் மாதிரி தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் ஆண்குழந்தை இறந்தபோது கணவர் சவப்பெட்டி செய்கிறார். இவர் உள்ளே மெத்தை வைத்துத் துணி தைக்கிறார். வைத்தியரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. யோவான் சுவிசேஷத்தில் ஓர் அதிகாரத்தை இவரே தேர்ந்தெடுக்கிறார். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே, தம்பி. எனக்குக் கோபம் அதில்தான்.

மொழிபெயர்க்கலாம், தாராளமாக. முதலில் அந்தப் புல்லறுப்புக் கடிதத்தை முடித்து எனக்கு அனுப்புங்கள். அட்டையில் மட்டும் 'தனித்து வென்ற பெண்' என்று போட்டுவிடாதீர்கள்.