40 பேரில் 18 பேர்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை மகளோடு செங்கோட்டைக்கு வந்து, என் மேசைமேல் இரண்டு நோட்டீஸ்களை விரித்து வைத்தீர்கள். ஒன்று தென்காசிப் பயிற்சி மையத்துடையது. மற்றது புனலூரிலிருந்து உங்கள் தம்பி கொண்டுவந்த மலையாள நோட்டீஸ். தென்காசியில் 200 பேர் நுழைவுத்தேர்வு எழுதி 66 பேர் தேறியிருக்கிறார்கள், அதாவது 33 சதவீதம். புனலூரில் 45 சதவீதம். "ஹாஸ்டலில் விட்டாவது அங்கேயே சேர்த்துவிடலாமா சார்?" என்று கேட்டீர்கள். நெரிசலில் அன்று நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் மகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்துக்கு நடுவே இருந்த இரண்டு எண்களை விரல் வைத்துக் காட்டினாள்: 40, 18. "நாற்பது பேர்தானா சார்?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

புளியங்குடி மண்டியில் எலுமிச்சை குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே குவியலிலிருந்து ஒருவர் 40 காய் அள்ளுகிறார், இன்னொருவர் 200 காய் அள்ளுகிறார். புள்ளி விழுந்த காய்களின் சதவீதம் இரண்டு கூடையிலும் ஒன்றாக இருக்காது. சிறிய கூடையில் அது இன்னும் அதிகமாக ஏறி இறங்கும். காயில் குற்றமில்லை, அள்ளிய கை அப்படி. புனலூரின் 45 உண்மையிலேயே நல்ல பயிற்சியால் வந்ததா, சின்னக் கூடையின் ஆட்டமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில் இரண்டு மையங்களும் ஒரே தரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். இரண்டையும் சேர்த்தால் 240 பேரில் 84 பேர் தேர்ச்சி, அதாவது 35 சதவீதம். 0.35-ஐ 0.65-ஆல் பெருக்கி, வந்ததை 1/40, 1/200 இரண்டின் கூட்டுத்தொகையான 0.03-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.083 வரும். இது திட்டப்பிழை, அதாவது தற்செயலாக மட்டுமே வரக்கூடிய ஆட்டத்தின் அளவு. இரண்டு விகிதங்களுக்கும் இடையிலுள்ள 0.12-ஐ இதனால் வகுத்தால் 1.45. வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்ல, வழக்கமான 5 சதவீத அளவுகோலின்படி (தற்செயலாக நூறில் 5 தடவைக்கும் குறைவாகவே விழ வேண்டும் என்பது) இந்த எண் 1.96-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. இரண்டும் ஒரே தரமாக இருந்தாலும்கூட, ஏதாவது ஒரு பக்கம் இவ்வளவு பெரிய இடைவெளி நூறில் ஏறத்தாழ 15 தடவை விழும்.

இதே சதவீதங்கள் 400 பேரிலும் 2,000 பேரிலும் வந்திருந்தால் விடை 4.6-ஐ ஒட்டி வந்திருக்கும். அப்போது நானே உங்களைப் புனலூர் ரயிலில் ஏற்றிவிட்டிருப்பேன்.

இதனால் இரண்டு மையங்களும் சமம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புனலூர் உண்மையாகவே மேலாக இருக்கலாம். அதைக் காட்ட 40 பேர் போதவில்லை, அவ்வளவுதான். இந்தச் சோதனை கண்டுபிடிக்காத ஒன்றும் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் மையத்தில் தேர்ச்சி இயல்பாகவே கூடும். நடுவில் நின்றுபோனவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் கூடும். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இனி மகளைப் பற்றி. பெரியவர்கள் எல்லோரும் 45-ஐப் பார்த்தபோது அவள் 40-ஐப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கண் உள்ள பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. மருத்துவமோ பொறியியலோதான் என்று அவளுக்குக் கதவை அடைத்துவிடாதீர்கள் அம்மா. பி.எஸ்சி. புள்ளியியல் படித்தால் யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை 21 வயதிலிருந்து எழுதலாம். மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவியும் உண்டு. 1931-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப்படிப்பை நடத்துகிறது. அதன் நுழைவுத்தேர்வு கடினம்தான், ஆனால் அங்கே மனப்பாடத்துக்கு வேலையில்லை, யோசிக்கத் தெரிய வேண்டும்.

வருகிற சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்பினாலும் சரி. மேலே உள்ள கணக்கை அவளே ஒருமுறை போட்டுக்கொண்டு வரட்டும். புனலூரில் 40-க்குப் பதில் எத்தனை பேர் எழுதியிருந்தால் அந்த 45-ஐ நம்பலாம் என்று அவளிடம் கேட்கப் போகிறேன்.