ரெட்ரோ அலமாரியும் மாதம் 7,000 ரூபாயும்

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 92,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 34,000. புது வீட்டைப் பழைய பாணியில் அமைக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. 84,000 ரூபாய் சோபாவை வட்டியில்லாத் தவணையில் எடுத்தோம். பிரம்புக் கதவு வைத்த அலமாரி, நிலைவிளக்கு போன்றவற்றைக் கிரெடிட் கார்டில் வாங்கியதில் 1,40,000 பாக்கி. மாதம் 7,000 தவறாமல் கட்டியும் பாக்கி குறையவில்லை. அவசரத்துக்கென்று வங்கியில் 1,60,000 ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. இப்போது 1,10,000 ரூபாய்க்குச் சாப்பாட்டு மேசை பார்த்து வைத்திருக்கிறார். இவற்றுக்குப் பின்னாளில் விலை ஏறும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஆனால் உங்களுக்குக் கேடு செய்வது அந்த மேசையோ கணவரின் ரசனையோ அல்ல. அந்த 7,000 ரூபாய்தான். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,40,000-க்கு 4,900 ரூபாய் ஆகிறது; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறக்குறைய 5,800. நீங்கள் கட்டும் பணத்தில் அசலில் கழிவது 1,200 ரூபாய்தான். போதாக்குறைக்கு, பாக்கி வைத்திருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் கிடையாது. அந்தக் கார்டில் இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

இதே கணக்கில் வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 69,000 ரூபாயைத் தாண்டுகிறது. டெபாசிட்டோ, 6.5 சதவீதம் என்று கொண்டால், 10,400 ரூபாய் தருகிறது. அவசரத்துக்கென்று வைத்த பணம் அது என்பது புரிகிறது, ஆனால் அவசரம் ஏற்கெனவே வந்துவிட்டது. முன்கூட்டியே எடுப்பதற்காக வட்டியில் ஒரு சதவீதம் போல வங்கி பிடித்தாலும் பரவாயில்லை. இந்த வாரமே டெபாசிட்டை முடித்துக் கார்டு பாக்கியை முழுவதுமாகக் கட்டுங்கள். பிறகு அதே 7,000 ரூபாயை மாதந்தோறும் ஆர்.டி.யில் போட்டால், 20 மாதங்களில் 1,40,000 திரும்பச் சேர்ந்துவிடும். அதுவரை கார்டு பீரோவுக்குள் இருக்கட்டும்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். 84,000 ரூபாய்க்கு ஓராண்டுத் தவணை என்றால் அதுவே 1,200 ரூபாய் அளவுக்கு வரும், செயலாக்கக் கட்டணம் தனி. ரொக்கமாகக் கேட்டிருந்தால் கடைக்காரர் குறைத்திருக்கக்கூடிய தொகையும் போயிற்று. எடுத்துவிட்ட தவணையை அதன் போக்கில் முடியவிடுங்கள், புதிதாக ஒன்று வேண்டாம்.

விலை ஏறும் என்ற பேச்சுக்கு வருகிறேன். சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக 1950-களில் பியர் ஜென்னரே வடிவமைத்த நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போவது உண்மை. அவை அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டவை என்பதற்காகவே அந்த விலை. இன்று அந்தச் சாயலில் செய்து விற்பவற்றில் பல, மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையின்மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டியவை. உங்கள் அலமாரியின் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, அதன் பின்விளிம்பைப் பாருங்கள்: மர ரேகை ஓடாமல், அட்டையைப் போல ஒரே பழுப்பாக இருந்தால் அது எம்.டி.எஃப்தான். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் அதன் அடிப்பகுதி உப்பத் தொடங்கினால் பழைய பொருள் வாங்குபவரும் கைவைக்கத் தயங்குவார். பிடித்திருந்தால் வாங்கிப் பயன்படுத்தலாம். முதலீடு என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

கணவருக்கு அந்தப் பாணிமேல் உண்மையான பிரியம் இருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். மரம் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கத் தெரிந்த தச்சர் ஒருவர் கூட வருவது அவசியம். அதற்கும் முன்னால், இரு வீட்டுப் பெரியவர்களிடமும் பரணில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். பிரம்பு அறுந்த ஈஸிசேர் ஒன்று கிடைத்தாலும், புதிதாகப் பின்னி மெருகேற்றும் கூலியை அந்த மாதச் சம்பளத்திலிருந்தே ரொக்கமாகக் கொடுத்துவிடலாம்.