மோட்டாரை மாற்றிப் பயனில்லை, பம்பைக் கீழே இறக்குங்கள்

பம்பு கிணற்றுக்கு மேலே இருக்கும்வரை, மோட்டாரின் எச்.பி.யை (குதிரைத்திறனை) கூட்டினாலும் 36 அடி ஆழத்துத் தண்ணீர் மேலே வராது, அண்ணாச்சி. வள்ளியூர்க் கிணற்றில் மட்டம் இறங்கியதும் ஒரு எச்.பி.க்குப் பதில் இரண்டு போட்டும் எடுக்கவில்லை என்கிறீர்கள். கோளாறு மோட்டாரில் இல்லை.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. உறிஞ்சு குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் நீரை மேலே தள்ளுகிறது. இளநீரில் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போதும் இதுவே நடக்கிறது. அந்தக் காற்றால் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்க முடியும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால், தண்ணீரென்றால் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. குழாய் உராய்வும் நீராவியும் போக, நடைமுறையில் 25 அடி கிடைத்தாலே நல்லது. மாடு கட்டிச் சாலோடு நீரைத் தூக்கிய கமலைக்கு இந்த எல்லை கிடையாது. பம்பைத் தாண்டியபின் மேலே தள்ளுவதற்குத்தான் எச்.பி. உதவும்.

கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பின் நடுமட்டத்திலிருந்து நீர்மட்டம்வரை அளந்து பாருங்கள். 25 அடிக்கு மேல் இருந்தால் பம்பைக் கிணற்றுக்குள் திட்டு அமைத்து இறக்குங்கள். அல்லது நீர்மூழ்கி மோட்டார் போடுங்கள். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது, கோடையில் மட்டம் இன்னும் இறங்கும்.

மழைக்குப் பிறகு மட்டம் ஏறியும் எடுக்கவில்லையென்றால் காரணம் வேறு. பம்பில் நீர் நிரப்பி, மோட்டாரைப் போடாமல் அரை மணி நேரம் விடுங்கள். நீர் இறங்கியிருந்தால், உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு கசிகிறது.

கிணற்றுக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.